காலைல ஏழுல இருந்து ஏழே முக்கால் வரைக்கும் நான் மனுஷியாவே இல்ல

திருப்பூர்அம்மா:
தோழிகளே, இத்தன நாள் படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குதான் எழுதுறேன். பையனுக்கு அஞ்சு வயசு, யூகேஜி. வேன் 7.40க்கு தெருமுனைக்கு வந்துரும், ரெண்டு நிமிஷத்துக்கு மேல நிக்காது, எனக்கு எட்டரைக்கு கம்பெனில பஞ்ச் வைக்கணும். இவன் பாதி தோசைய வாயில அதக்கிட்டு உக்காந்திருப்பான், முழுங்கவும் மாட்டான் துப்பவும் மாட்டான், அப்புறம் சாக்ஸ், "குத்துதும்மா"ன்னு கழட்டுவான், நான் மாட்டுவேன், மறுபடி கழட்டுவான், அதோட எனக்கு சாமி வந்துரும். தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தல். ராத்திரி அவன் தூங்குனதும் தலைய தடவி அழுதுட்டு நாளைக்கு கத்தவே கூடாதுன்னு நினைப்பேன், காலைல அதெல்லாம் காத்தோட போயிரும். நேத்து பால் டம்ளர தட்டி விட்டுட்டான். நான் வாயே தொறக்கலீங்க, அதுக்குள்ள ரெண்டு கையாலயும் காத பொத்திக்கிட்டான். அதுல இருந்து எனக்கு சோறே இறங்கல. பொறுமையா இருங்கன்னு மட்டும் சொல்லிராதீங்க, அது எனக்கும் தெரியும், எப்படி இருக்கறதுன்னு சொல்லுங்க.

ரெண்டுவாலு:
சிஸ், சாக்ஸ உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி மாட்டுங்க, விரல் நுனில வர்ற தையல்தான் குத்துது, எங்க சின்னதும் இதே கூத்துதான், அடம்னு நினைச்சு நான் போட்டு சாத்திட்டு அப்புறம்தான் தொட்டு பாத்தேன், நிஜமாவே தடிப்பா இருந்துச்சு. இன்னொன்னு, எத்தன மணிக்கு தூங்குறான்? இந்த வயசுக்கு பகல் தூக்கத்தையும் சேத்து 10 மணி நேரத்துல இருந்து 13 மணி நேரம் வரைக்கும் தூக்கம் வேணும். தோசைய அதக்கிட்டு உக்காந்திருக்கான்னா அவன் இன்னும் தூக்கத்துலதான் இருக்கான்.

திருப்பூர்அம்மா:
அவங்கப்பா ஷிப்ட் முடிச்சு வரவே ஒன்பதரை ஆயிரும், அப்பா கூட விளையாடி, போன் பாத்து, பத்தரைக்கு மேலதான் படுப்பான். காலைல ஆறரைக்கு எழுப்புறேன். ஸ்கூல்லயும் தூக்கம் கிடையாது. ஐயோ, எட்டு மணி நேரந்தான் வருது, நான் இத கணக்கே பண்ணல.

பழையஆளு58:
எங்கப்பா ஒரு பார்வை பாத்தா போதும், அடங்கிருவோம். நாலு பேரு, யாரும் கெட்டுப் போகல. இந்த காலத்து பசங்களுக்கு செல்லம் ஜாஸ்தி, பெத்தவங்களுக்கு குற்ற உணர்ச்சி ஜாஸ்தி.

மதுரைக்காரி:
சார், அடங்குனீங்க சரி, ஒரு கஷ்டம்னா அப்பாகிட்ட போய் சொன்னீங்களா? நாங்க சொன்னதில்ல, அம்மாவ விட்டுதான் சொல்ல சொல்லுவோம். அத விடுங்க.

அக்கா, நான் வேற ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. போன வருஷம் நானும் உங்கள மாதிரிதான், ஸ்பூன் கீழ விழுந்தா கூட கத்துவேன், மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்கும், முடி கொட்டுச்சு, எல்லாம் டென்ஷன்னு விட்டுட்டேன். ரத்தம் டெஸ்ட் பண்ணா ஹீமோகுளோபின் 8.6. பொம்பளைங்களுக்கு 12 இருக்கணும். மத்திய அரசு 2019-21ல எடுத்த குடும்ப நல சர்வேல நம்ம நாட்டுல 15ல இருந்து 49 வயசு பொம்பளைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு வந்துருக்கு, அதாவது பாதிக்கும் மேல. நான் இரும்புச்சத்து மாத்திரைய காபி குடிச்ச கையோட போட்டுட்டு இருந்தேன், டாக்டர் திட்டுனாங்க, காபி டீ சத்த உடம்புல சேர விடாதாம், எலுமிச்சை ஜூஸோட போட சொன்னாங்க. மூணு மாசத்துல நானே வேற ஆளு. தைராய்டும் சேத்து பாத்துருங்க. கோவம் எல்லாமே குணம் இல்லக்கா.

ஒருஅப்பா:
எனக்கு கோவம் தலைக்கு ஏறும்போது கிச்சனுக்கு போய் குழாய திறந்து கைய நனைச்சுட்டு நிப்பேன், பத்து செகண்ட்தான், ஆனா அந்த பத்து செகண்ட்ல வாயில இருந்து வரவேண்டியது வராம போயிரும். எப்பவும் ஒர்க் ஆகாதுங்க, பாதி நாள் ஆகும். கத்திட்டா அன்னைக்கே போய் "அப்பா கத்துனது தப்பு, பால் சிந்துனது பெரிய விஷயம் இல்ல"ன்னு சொல்லிருவேன், பிள்ளைகிட்ட மன்னிப்பு கேட்டா மதிப்பு போயிரும்னு எங்கம்மா சொல்வாங்க, எனக்கு ஒண்ணும் போகல. ராத்திரி தூங்குனப்புறம் நீங்க தடவுறது அவனுக்கு எப்படிங்க தெரியும், முழிச்சிருக்கும்போது தடவுங்க. அழுகை தினமும் வந்துச்சுன்னா 14416க்கு போன் போடுங்க, அரசோட டெலிமானஸ், மனசு கஷ்டத்துக்கு போன்லயே பேசி உதவுற சேவை, இலவசம், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், நான் பேசிருக்கேன்.

திருப்பூர்அம்மா:
பத்து நாள் கழிச்சு வர்றேன், கோவிச்சுக்காதீங்க. சாக்ஸ் மேட்டர் ஒரே நாள்ல முடிஞ்சுது, ஒன்றரை வருஷமா அந்த புள்ளைய எத்தன தடவ திட்டிருப்பேன் இதுக்கு. ஒன்பது மணிக்கு படுக்க வைக்கறோம், அப்பா கூட விளையாடறது இப்ப காலைல பல்லு விளக்கும்போது, அவருக்குதான் எந்திரிக்க மூக்கால அழுகை. எனக்கு ஹீமோகுளோபின் 9.1, மாத்திரை எழுதி குடுத்துருக்காங்க. வியாழக்கிழம கத்திட்டேன், ஒளிச்சு என்ன பண்றது. சாயந்தரம் போய் அம்மா கத்துனது தப்புடான்னு சொன்னேன், கொஞ்ச நேரம் என்னயே பாத்துட்டு "சரி, அதுக்கு முறுக்கு குடு"ங்கறான். தோசை மட்டும் இன்னும் வாயிலயேதான் இருக்கு, அதுக்கு யாராவது வழி சொல்லுங்க.