காம்பஸில் குமிழி, திசையும் 15 டிகிரி தவறுகிறது – உதவி தேவை

நாகை விசைப்படகு:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். எங்கள் படகில் இருப்பது உள்ளே திரவம் நிரப்பிய காம்பஸ், எட்டு வருஷப் பழசு. இப்போது கண்ணாடிக்கு அடியில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குக் குமிழி. 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகை இறக்கியதிலிருந்து திசையும் சரியில்லை. ஜிபிஎஸ் நேர் கிழக்கு 90 என்கிறது, இது 105 காட்டுகிறது. குமிழிதான் காரணமா? தேங்காய் எண்ணெய் ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்துப் படகு மாமா.

பழைய ஸ்ராங்கு:
தம்பி, தேங்காய் எண்ணெயை மாமா தலைக்கு வைத்துக்கொள்ளட்டும். குமிழி இருந்தால் உள்ளே திசை எண் எழுதிய தட்டு அலையில் ஆடும், அவ்வளவுதான்; 15 டிகிரி இழுக்காது. நம் கரையில் காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து விலகுவதும் ஓரிரண்டு டிகிரிதான். கடல் அமைதியாக இருக்கும்போது நேர் மேற்கே, அதாவது ஜிபிஎஸ்ஸில் 270-ல், ஓட்டிப் பார். 285 காட்டினால் காம்பஸைக் கோணலாகத் திருகியிருக்கிறார்கள். 255 என்றால் பக்கத்தில் இரும்போ காந்தமோ இருக்கிறது.

நாகை விசைப்படகு:
256 காட்டுகிறது அண்ணே. தடைக்காலத்தில் பாட்டுப் பெட்டிக்குப் புது ஸ்பீக்கர் வைத்தோம். காம்பஸிலிருந்து ஒரு சாண்கூட இருக்காது. கழற்றியதும் கிழக்கே 92 வந்துவிட்டது!

பழைய ஸ்ராங்கு:
அதுதான் ஆள். ஸ்பீக்கருக்குள் இருப்பதே காந்தம்தானே. செல்போனையும் அங்கே வைக்காதே. மீதி 2 டிகிரிக்காகத் திருத்தும் திருகாணியைத் தொடாதே, நோட்டில் எழுதி வைத்தால் போதும். அப்புறம் ஒரு சோதனை: படகு கட்டிக் கிடக்கும்போது ஸ்குரூ டிரைவரைப் பக்கத்தில் காட்டித் தட்டை 20 டிகிரி இழுத்துவிட்டு எடு. பழைய எண்ணுக்கே வந்து நிற்க வேண்டும். முன்னே பின்னே நின்றால் உள்ளே தட்டைத் தாங்கும் முள்முனை தேய்ந்திருக்கிறது, நம் கைவேலை இல்லை.

நாகை விசைப்படகு:
சரியாகத் திரும்பி நிற்கிறது. குமிழிக்கு?

பழைய ஸ்ராங்கு:
பக்கத்துத் திருகாணியைத் திறந்து மோந்து பார். சிலவற்றில் கெரசின் மாதிரி எண்ணெய், பழைய சிலவற்றில் ஸ்பிரிட்டும் தண்ணீரும். இரண்டையும் கலந்தால் மங்கிப்போகும். நீல ரேஷன் கெரசின் வேண்டவே வேண்டாம். கம்பெனி சொன்ன திரவத்தையே வாங்கி, வாய் மேலே வரச் சாய்த்து, ஊசியால் மெல்ல ஏற்று. ஆட்டி ஆட்டிக் காற்றை வெளியேற்று. ஒரு மாதத்தில் குமிழி திரும்ப வந்தால் வாஷரோ அடிச் சவ்வோ ஒழுகுகிறது.

நாகை விசைப்படகு:
ஏற்றியாகிவிட்டது, இப்போது கடுகளவுதான் மிச்சம். ஸ்பீக்கரைப் பின்பக்கம் மாற்றிவிட்டோம். பாட்டு கேட்கவில்லை என்று எங்கள் படகை ஓட்டும் ஸ்ராங்குக்குத்தான் கோபம்.