பழைய ஒற்றை சிலிண்டர் டூயல் ஸ்போர்ட்: இந்த மூணுல எதை எடுக்கலாம்?

மண்சாலை:

வணக்கம் மக்களே. பழைய டூயல் ஸ்போர்ட் (தார் ரோடு, மண் ரோடு ரெண்டுக்குமான பைக்) ஒண்ணு எடுக்கப் போறேன். கைக்கு எட்டுற விலையில இப்போ மூணு நிக்குது:

2009 சுசுகி டிஆர்650, 38,000 கி.மீ.
2006 கவாசாகி கேஎல்ஆர்650, 29,000 கி.மீ.
2014 ஹோண்டா சிஆர்எஃப்250எல், 17,000 கி.மீ.

உயரம் 168 செ.மீ., எடை 70 கிலோ. பத்துக்கு ஆறு பங்கு தார் ரோடு, மிச்சம் ஜல்லி, மண், கொஞ்சம் சேறு. பெரும்பாலும் தனியாத்தான் போவேன். ஆயில், செயின், பிரேக் பேட் வேலையெல்லாம் தெரியும். எஞ்சின் திறந்ததில்லை, கத்துக்கத் தயார்.

டிஆருக்கும் கேஎல்ஆருக்கும் 'சாகவே சாகாத எஞ்சின்'னு பேர். அப்படின்னா 38,000 கி.மீ. பத்திக் கவலைப்படணுமா? பார்க்கப் போகும்போது எதைத் தொட்டுப் பார்க்கணும்? வாங்கினதும் முதல்ல எதுல கை வைக்கணும்?

---

பதினாலு நம்பர் ஸ்பானர்:

கி.மீ.யை அப்புறம் பாருங்க, முதல்ல ஏர் ஃபில்டரைப் பாருங்க. ரெண்டு 650-உம் ஒழுங்கா பார்த்துக்கிட்டா 38,000-ஐ அசால்ட்டா தாண்டும். ஆனா தூசி தின்ன எஞ்சின் 15,000-லயே ஆயில் குடிக்க ஆரம்பிச்சிடும். இதுல இருக்கிறது ஒரே பெரிய பிஸ்டன். மணல் துகள் உள்ளே போனா பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் உள்சுவரையும் உப்புத்தாள் மாதிரி தேய்ச்சிடும்.

வெள்ளைத் துணி ஒண்ணு கொண்டு போங்க. ஃபில்டரைக் கழட்டி, அதுக்கும் கார்புரேட்டருக்கும் (ஹோண்டான்னா த்ராட்டில் பாடிக்கும்) நடுவுல இருக்கிற ரப்பர் குழாயின் உள்பக்கத்தை விரலை விட்டுத் துடைங்க. துணியில லேசான எண்ணெய்ப் பிசுக்கு வந்தா நல்லது. நறநறன்னு மண் வந்தா பேரம் பேசாம கிளம்பிடுங்க, விலையை எவ்வளவு குறைச்சாலும் சரி. ஃபோம் கையில பொடிப்பொடியா உதிர்ந்தாலும் அதே கதைதான்.

அடுத்து, எஞ்சின் ஆறி இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணணும். போனதும் எஞ்சின்ல கை வைங்க, சூடா இருந்தா ஒரு மணி நேரமாவது காத்திருங்க. ஸ்டார்ட் ஆனதும் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்னுட்டா அது வால்வ் ஸ்டெம் சீல் (வால்வ் தண்டுல ஆயிலைத் தடுக்கிற ரப்பர்), தாங்கிக்கலாம். ஆக்ஸிலேட்டர் முறுக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தா ரிங். டேப்பெட் (வால்வைத் திறக்கிற பாகம்) 'டிக் டிக்'னா பயப்பட வேண்டாம், ஒற்றை சிலிண்டர் பேசத்தான் செய்யும். சத்தமே இல்லாத டேப்பெட்தான் சந்தேகத்துக்குரியது: இடைவெளி ரொம்பக் குறைஞ்சா எக்ஸாஸ்ட் வால்வ் முழுசா மூடாம கருகும். அடியிலிருந்து 'டொக் டொக்'னு கனமா இடி வந்தா கனெக்டிங் ராடு பேரிங், அங்கே நிக்காதீங்க.

மத்ததெல்லாம் பத்து நிமிஷ வேலை. முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவா திருப்புங்க. நடுவுல 'டக்'னு உட்கார்ந்தா கோன் செட் (ஹேண்டில் திரும்புற பேரிங்) போச்சு. பின்சக்கரத்தைத் தூக்கி ஸ்விங்ஆர்மை (பின்சக்கரத்தைத் தாங்குற கை) இடம் வலமா ஆட்டுங்க, அப்புறம் சக்கரத்தை மேல்நோக்கித் தூக்குங்க; சின்ன லொடக்கு இருந்தா லிங்கேஜ் (ஸ்விங்ஆர்மையும் பின் ஷாக்கையும் இணைக்கிற பாகம்) பேரிங். ஸ்போக்கு ஒவ்வொண்ணையும் ஸ்பானரால தட்டுங்க, 'டிங்'னு பாடணும். மொட்டைச் சத்தம்னா தளர்ந்திருக்கு. செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசி நுனியில பிடிச்சு இழுங்க. பல்லுல பாதி வெளியே தெரிஞ்சா செயினும் ரெண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்தே மாத்தணும். ஆயில் ட்ரெயின் போல்ட்டைச் சுத்தி பசை பூசின அடையாளம் இருந்தா மரை போயிருக்குன்னு அர்த்தம்.

மல்டிமீட்டர் இருந்தா பேட்டரியில வைங்க. நிறுத்தியிருக்கும்போது 12.6 வோல்ட் அளவு, எஞ்சின் ஓடி ஆர்பிஎம் ஏறும்போது 14 பக்கம் வரணும். 13-ஐத் தாண்டலைன்னா பேட்டரியை சார்ஜ் பண்ற ஸ்டேட்டர் அல்லது ரெகுலேட்டர் போச்சு. இந்த மூணு வண்டியிலயும் கிக்கர் கிடையாது, பேட்டரி போனா உதைச்சு ஸ்டார்ட் பண்ண முடியாது, ஞாபகம் வச்சுக்குங்க.

---

தட்தட்650:

மேல சொன்னது அத்தனையும் சரி. 'சாகாத எஞ்சின்'ங்கிற பேச்சுக்கு மட்டும் ஒரு திருத்தம். ரெண்டு 650-லயும் தொழிற்சாலையே விட்டுட்டுப் போன சின்ன ஓட்டை ஒண்ணு ஒண்ணு இருக்கு. அதை அடைச்ச வண்டிக்குத்தான் அந்தப் பேர் பொருந்தும்.

டிஆர்650: நியூட்ரல் விளக்குக்கான ஸ்விட்ச், கிளட்ச் கூடைக்குப் பின்னால எஞ்சினுக்கு உள்ளேயே ரெண்டு குட்டி ஸ்க்ரூவுல நிக்குது. அதிர்வுல அந்த ஸ்க்ரூ தளரும். கழண்டு விழுந்து கியர் பல்லுக்குள்ள சிக்கினா கியர்பாக்ஸும் கிராங்க்கேஸும் சேர்ந்து போகும். சரி பண்றதுக்கு ஆயிலை வடிச்சு, வலதுபக்கக் கவர், கிளட்ச் பிளேட், கிளட்ச் ஹப் எல்லாம் கழட்டணும். ரெண்டு ஸ்க்ரூவையும் எடுத்து, மரையில எண்ணெய் துளியும் இல்லாம பிரேக் கிளீனர் அடிச்சுக் காயவிட்டு, மரைப்பசை போட்டு முடுக்கணும். தலையில துளை போட்டுக் கம்பியால கட்டுறவங்களும் உண்டு. ஹப்பைப் பிடிக்க ஒரு ஹோல்டர், புது கவர் கேஸ்கெட், ஒரு பகல் பொழுது. எஞ்சின் திறந்து பழக்கமில்லாதவங்களும் கையேட்டை வச்சுக்கிட்டுச் செய்யலாம்.

கேஎல்ஆர்650: அதிர்வைக் குறைக்கிற ரெண்டு பேலன்சர் ஷாஃப்ட்டை ஒரு செயின் சுத்துது. அது நீளும்போது தொய்வை எடுக்க ஒரு லீவரும் ஸ்பிரிங்கும். 1987-ல ஆரம்பிச்சு 2007 வரைக்கும் வந்த முதல் தலைமுறையில அந்த லீவர் உடையும், ஸ்பிரிங் உயிரில்லாம தொங்கும். உடைஞ்ச துண்டு எங்கே போய்ச் சிக்கும்னு யாரும் சொல்ல முடியாது. கையேட்டுல 'போல்ட்டைத் தளர்த்தினா ஸ்பிரிங் தானா இழுத்துக்கும், மறுபடி முடுக்கு'ன்னு இருக்கும். ஸ்பிரிங் செத்துப்போன வண்டியில அப்படித் தளர்த்தினா தொய்வு கூடத்தான் செய்யும்! இடதுபக்கக் கவர் ரெண்டையும் மேக்னெட்டையும் (கிராங்க் முனையில சுத்துற காந்தச் சக்கரம்) கழட்டி, பலமான லீவரும் ஸ்பிரிங்கும் போடணும். மேக்னெட்டுக்கு அதுக்குரிய புல்லர் வேணும், சுத்தியல் பக்கமே போகாதீங்க. லீவர் போல்ட்டுக்கு சுமார் 9 நியூட்டன் மீட்டர் போதும். கைபலத்துல முடுக்கி அந்தப் போல்ட்டை முறிச்சவங்கதான் அதிகம்.

அதே வண்டியில பின் சப்ஃப்ரேமைப் (சீட்டையும் கேரியரையும் தாங்குற சட்டம்) பிடிச்சிருக்கிற மேல் போல்ட் ரெண்டும் 8 மி.மீ. பெட்டி மாட்டி ஜல்லி ரோட்டுல ஓட்டினா முறியும். கேரியரைப் பிடிச்சு உலுக்கிப் பாருங்க. நிறையப் பேர் துளையைப் பெருசாக்கி, ரெண்டு பக்கத்துக்கும் குறுக்கே ஒரே 10 மி.மீ. போல்ட்டா போட்டுடுவாங்க.

டேப்பெட் இடைவெளி சரிபண்ற வேலையில டிஆர் ரொம்ப சுலபம். ஸ்க்ரூவும் லாக் நட்டும்தான். ஆறின எஞ்சின், பிஸ்டன் கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில இருக்கும்போது இன்லெட் 0.08–0.13 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.17–0.22 மி.மீ. கேஎல்ஆர்ல ஷிம் (இடைவெளியைச் சரிபண்ற குட்டித் தகடு) மாத்தணும்னா கேம்ஷாஃப்ட்டைத் தூக்கணும். நீங்களே வேலை பார்க்கிறதா இருந்தா இந்த ஒரு காரணத்துக்காகவே டிஆர்.

---

இலேசுதான்இஷ்டம்:

ரெண்டு பேரும் எஞ்சினைப் பத்தியே பேசுறீங்க. அவர் தனியா போறவர், 70 கிலோ. சேத்துல சாய்ஞ்ச வண்டியை யார் தூக்குறது?

சீட் உயரத்துல மூணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை: ஹோண்டா 875, டிஆர் 885, கேஎல்ஆர் 890 மி.மீ. எடையில இருக்கு. ஹோண்டா சுமார் 144 கிலோ, டிஆர் 166. கேஎல்ஆர்ல 23 லிட்டர் டேங்க் நிரம்பியிருந்தா 180-ஐத் தாண்டும், அதுவும் மேல்பாரம். ஒரே நாள்ல மூணு தடவை தூக்கிப் பார்த்தா ஹோண்டாவுக்கும் டிஆருக்கும் நடுவுல இருக்கிற 22 கிலோ என்னன்னு தெரியும்.

ஹோண்டாவோட குறையையும் சொல்லிடறேன். டேங்க் 8 லிட்டருக்கும் கீழே. ஸ்பிரிங் மெத்து மெத்துன்னு இருக்கும்; 70 கிலோவுக்கு ஓகே, மூட்டை கட்டினா தரை தட்டும். ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கிற அளவு) ஏத்தினா வண்டி உயரும், ஆனா ஸ்பிரிங் கெட்டியாகாது. ரெண்டும் வேற வேற. நீங்க ஏறி உட்கார்ந்ததும் பின்பக்கம் மொத்த அசைவுல மூணுல ஒரு பங்கு இறங்கணும். அதுக்கு மேல இறங்கினா ஸ்பிரிங்கையே மாத்தணும். தார் ரோட்டுல 90 கி.மீ. வேகத்துல சுகமா போகும். 110-ல நாள் முழுக்க ஓட்டணும்னா 650 எடுங்க.

டிஆரே எடுத்தாலும் சுசுகியே அதுல சுமார் 40 மி.மீ. இறக்க வழி வச்சிருக்கு. பின் ஷாக்கை மாத்தி மாட்டினா மட்டும் போதாது, முன் ஃபோர்க்கையும் அதே அளவு இறக்கணும். இல்லைன்னா ஹேண்டில் சோம்பேறியாயிடும். சைடு ஸ்டாண்டையும் குட்டையாக்கணும். அதை மறந்தா வண்டி நெட்டுக்குத்தலா நின்னு, காத்தடிச்சாலே வலதுபக்கம் சாயும்.

---

மண்சாலை:

ரொம்ப நன்றி. மூணையும் பார்த்தாச்சு. டிஆர்ல ஃபில்டர் காஞ்சு போயிருக்கு, ரப்பர் குழாய்ல விரல் விட்டா நறநறங்குது. கேஎல்ஆர்காரர் 'அந்த லீவர் மாத்தியாச்சு'ன்னு சொல்றார், பில் இல்லை, கழட்டின பழைய லீவரும் இல்லை. ஹோண்டாவுல குழாய் சுத்தம், ஆறின நிலையிலயே சட்டுனு பத்திக்குது, புகை இல்லை. ஆனா ஸ்ப்ராக்கெட் பல் கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு, டயர்ல 1615-னு போட்டிருக்கு, லிங்கேஜ்ல லேசா லொடக்கு.

---

பதினாலு நம்பர் ஸ்பானர்:

டிஆரை விட்டுடுங்க. கேஎல்ஆர்ல பில்லும் இல்லை, பழைய பாகமும் இல்லைன்னா லீவர் மாத்தலைன்னே வச்சுக்கிட்டு விலை பேசணும். மேக்னெட்டைக் கழட்டாம அதைக் கண்ணால பார்க்க வழியில்லை. உங்க தேவைக்கு ஹோண்டாதான். அதுல இருக்கிற குறை எல்லாமே தேய்மான பாகம்தான், எஞ்சின்ல ஒண்ணும் இல்லை. 1615-ன்னா 2015-ஆம் வருஷம் 16-ஆவது வாரம். டயர் பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ரப்பர் கெட்டியாகி ஈரத்துல வழுக்கும். செயின் செட், ரெண்டு டயர், டியூப், லிங்கேஜ் பேரிங் – இத்தனைக்கும் ஆகிற செலவைக் கழிச்சுக் கேளுங்க.

கையில வந்ததும் முதல் வேலை லிங்கேஜும் ஸ்விங்ஆர்ம் ஆணியும். பழசா விக்கிற பெரும்பாலான வண்டியில அங்கே கிரீஸ் பேருக்குத்தான் இருக்கும். தண்ணி இறங்கி ஊசி பேரிங் துருப்பிடிச்சிருக்கும். போல்ட் எது எங்கேன்னு வரிசையா அட்டையில குத்தி வச்சுக்கிட்டுக் கழட்டுங்க. கோன் செட்டுக்கும் அப்போவே புது கிரீஸ். பிரேக் ஆயிலும் கூலண்ட்டும் எப்போ மாத்தினதுன்னு தெரியாது, ரெண்டையும் மாத்திடுங்க.

ஃபோம் ஃபில்டர் போடுறதா இருந்தா பெட்ரோல்ல கழுவாதீங்க, ஒட்டின இடம் பிரிஞ்சிடும். மண்ணெண்ணெய்ல அலசி, சோப்புத் தண்ணியில கழுவி, நல்லா காய்ஞ்ச பிறகு ஃபில்டர் ஆயில் ஊத்திப் பிசையுங்க. பிழியலாம், முறுக்கக் கூடாது. விளிம்புல கொஞ்சம் கிரீஸ் தடவி உட்கார வைங்க. தூசி பெரும்பாலும் விளிம்பு வழியாத்தான் உள்ளே போகும்.

---

தட்தட்650:

செயின் பத்தி ஒண்ணு. ரோடு பைக் பழக்கத்துல 25 மி.மீ. தொய்வு விட்டு இறுக்கிடாதீங்க. இந்த வகை வண்டியில சக்கரம் ரொம்ப மேலே கீழே போகும். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் ஆணி, பின் ஆக்ஸில் மூணும் ஒரே கோட்டுல வரும்போதுதான் செயின் அதிகமா இறுகும். பின்பக்கத்தைப் பெல்ட் போட்டு இழுத்து அந்த நிலைக்குக் கொண்டுவந்து, அங்கே கொஞ்சமாவது தொய்வு இருக்கான்னு ஒரு தடவை பார்த்துட்டா, ஸ்டாண்டுல எவ்வளவு விடணும்னு தெரிஞ்சிடும். இறுகின செயின் கியர்பாக்ஸ் அவுட்புட் பேரிங்கைத் தின்னும்.

செயின் செட் மாத்தும்போதே முன்னால ஒரு பல் குறைச்சுப் போடுங்க. பின்னால ஏறக்குறைய மூணு பல் கூட்டின கணக்கு. மண்ணுல முதல் கியர்ல நடை வேகத்துல போகலாம், கிளட்ச் வேகாது. ஹோண்டாவுல வேகமானி கியர்பாக்ஸ்லேருந்து எடுக்கிறதால அதுக்கப்புறம் நிஜத்தை விட சுமார் 8 சதவீதம் கூடக் காட்டும்.

---

இலேசுதான்இஷ்டம்:

டியூப் டயர் மாட்டும்போது, வால்வ் தண்டுல இருக்கிற நட்டை ரிம்மோட சேர்த்து முடுக்காதீங்க. மேலே ஏத்தி மூடியோட சேர்த்து விட்டுடுங்க. காத்து குறைச்சு ஓட்டும்போது டயரோட டியூபும் நகர்ந்தா தண்டு சாய்ஞ்சு காட்டிக் கொடுக்கும். ரிம்மோட இறுக்கியிருந்தா அடியோட கிழியும். மண்ணுக்கு 20 பிஎஸ்ஐ பக்கம் போதும். கல்லு நிறைஞ்ச பாதையில அதுக்கும் கீழே இறக்கினா ரிம் டியூபைக் கடிச்சிடும்.

ரெண்டு டியூப் தூக்க இடமில்லைன்னா 21 இன்ச் டியூப் ஒண்ணு மட்டும் வச்சுக்குங்க. அவசரத்துக்கு அதைப் பின் 18 இன்ச்லயும் மடிப்பு விழாம திணிச்சு வீடு வந்து சேரலாம். 18-ஐ 21-ல போட முடியாது. டயர் லீவர் மூணு, ஆக்ஸில் நட்டுக்கான ஸ்பானர், கைபம்ப். வாசல்ல வச்சு ஒரு தடவை ரெண்டு சக்கரத்தையும் கழட்டி மாட்டிப் பாருங்க, எந்த ஸ்பானர் குறையுதுன்னு அப்போவே தெரிஞ்சிடும்.