ஃபிளிப்பருக்குத் தமிழ்: ‘புரட்டி’ வேண்டாம், ‘சுண்டி’ சரியாக இருக்கும்

நண்பர்களுக்கு வணக்கம்.

மடக்குக் கத்தி உறுப்புகளுக்கு நாம் தொகுத்துவரும் தமிழ்ச் சொற்பட்டியலில், அலகைத் திறக்கக் கைவைக்கும் இடங்களான நகக்குழி, குமிழ், விரல்துளை மூன்றும் பெரிய சண்டை இல்லாமல் முடிந்துவிட்டன. (நகக்குழிக்கு முதலில் வந்த ‘நகவெட்டு’ நகவெட்டியை ஞாபகப்படுத்தியது. ‘நகக்குறி’ அகப்பாடல்காரர்களின் சொத்து, அதைக் கத்தியில் கொண்டுவந்து வைத்தால் கதையே மாறிவிடும். நல்லவேளை, இரண்டும் போயின.) விரலால் அழுத்தி அலகைத் திறக்கும் சின்ன நீட்டமான ஃபிளிப்பருக்கு வந்ததும்தான் சிக்கிக்கொண்டோம். நேற்றிரவு எல்லா மடல்களையும் மறுபடி படித்துவிட்டு, இழுப்பறையில் கிடந்த நான்கு கத்திகளை எடுத்துவைத்து ஒவ்வொன்றையும் ஐம்பது தடவையாவது திறந்து மூடினேன். வீட்டிலிருந்தவர்கள் பார்த்த பார்வையைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

> ஃபிளிப் என்றால் புரட்டுதல். ஆகவே ஃபிளிப்பர் என்பது புரட்டி. இதில் என்ன குழப்பம்?

குழப்பம் என்னவென்றால், அங்கே எதுவும் புரளவில்லை. பக்கத்தைப் புரட்டுகிறோம், கல்லைப் புரட்டுகிறோம். அடியில் இருந்தது மேலே வந்தால்தான் அது புரட்டல். அதுபோக, புரட்டு என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது, நல்ல பெயர் இல்லை. ‘புரட்டுக் கத்தி’ என்று எழுதினால் பாதிப்பேர் போலிக் கத்தி என்றுதான் படிப்பார்கள்.

ஆங்கிலச் சொல்லைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு விரல் என்ன செய்கிறது என்று பாருங்கள். கத்தி மூடியிருக்கும்போது அலகின் அடியிலிருந்து ஒரு சின்ன நீட்டம் பிடியின் முதுகுப் பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். ஆள்காட்டி விரலை அதன்மேல் வைத்து அழுத்தினால் முதலில் ஒன்றும் நடக்காது. விரல்நுனி வெளுக்கிற அளவுக்கு அழுத்தம் ஏறும், அலகு அசையாது, அப்புறம் ஏதோ விட்டுக்கொடுத்த மாதிரி அது மொத்தமாக அச்சாணியைச் சுற்றிப் பாய்ந்து ‘டக்’கென்று போய் நிற்கும். துருத்திக்கொண்டிருந்த நீட்டமும் அதே சுற்றில் கத்தியின் கூர்ப் பக்கம் வந்து, விரல் வழுக்கி அலகுக்குப் போகாதபடி தடுப்பாக நின்றுவிடும். எனக்கு இந்த அமைப்பில் மிகவும் பிடித்தது இந்தக் கடைசி விஷயம்தான். திறக்கும் உறுப்பே திறந்தபின் காவலாகிவிடுகிறது.

அடக்கிவைப்பது, அழுத்தம் சேர்வது, சட்டென்று விடுபடுவது: இந்த மூன்றும் சேர்ந்தால் தமிழில் அதற்குச் சுண்டுதல் என்று பெயர். கேரமைச் சுண்டாட்டம் என்கிறோமே, அதே சுண்டுதான். அங்கே விரலை அடக்கிவைப்பது கட்டைவிரல். இங்கே அலகை அடக்கிவைப்பது உள்ளே இருக்கும் ஒரு சின்ன எஃகுக் குண்டு (அதற்குப் பிறகு வருகிறேன்). ஆகவே என் முன்மொழிவு: அந்த நீட்டத்துக்குச் ‘சுண்டி’, அது உள்ள கத்திக்குச் ‘சுண்டிக் கத்தி’, அப்படித் திறப்பதற்குச் ‘சுண்டித் திறத்தல்’. வினை, உறுப்பு, கருவி மூன்றுக்கும் ஒரே வேர்.

> சுண்டினால் பொருள் விலகி ஓடவேண்டும். அலகு கத்தியோடுதானே இருக்கிறது?

தந்தியைச் சுண்டுகிறோம், அது எங்கே ஓடிப்போகிறது? சின்ன வயதில் வாத்தியார் காதைச் சுண்டியபோது காது கழன்றா போயிற்று? நீர் வற்றினாலும் சுண்டுதல்தான் என்று இன்னொருவர் எழுதியிருந்தார், உண்மைதான், ஆனால் கத்தியைப் பற்றிப் படிக்கிறவர் யாரும் அலகு வற்றிவிட்டது என்று நினைக்கமாட்டார்.

இப்போது அந்தக் குண்டு. ஆங்கிலத்தில் டிடென்ட். நமது பட்டியலில் இதற்கு ‘தடுப்பு’ என்று போட்டிருக்கிறோம், அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. தடுப்பு என்றால் போகவிடாதது. இது அப்படியில்லை, பிடித்துவைக்கும், போதுமான பலம் வந்தால் விட்டுவிடும். சுண்டிக் கத்தியை நன்றாகத் திறப்பதும் கேவலமாகத் திறப்பதும் இந்த ஒன்றில்தான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

அமெரிக்கக் கத்திக் கைவினைஞர் மைக்கேல் வாக்கர் 1980களில் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்த பக்கத்தகட்டுப் பூட்டை (லைனர் லாக்) எடுத்துக்கொள்ளுங்கள். பிடிக்குள் ஒரு தகடு, அதில் ஒரு பட்டையைப் பிளந்து உள்பக்கமாக வளைத்திருப்பார்கள். அலகு முழுதும் திறந்ததும் அந்தப் பட்டை அலகின் பின்னால் வந்து நின்றுகொண்டு அதை மடங்கவிடாது, இது பூட்டு. அதே பட்டையின் நுனிக்கருகில் ஒரு சிறிய குண்டு பதித்திருக்கும். அலகு மூடியிருக்கும்போது குண்டு அலகின் அடியில் துளைத்த ஒரு குழிக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். கத்தியைப் பிரித்தால் கண்ணுக்கே தெரியும்: குழியிலிருந்து கிளம்பி அரைவட்டமாக ஒரு மெல்லிய கீறல், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் குண்டு உரசித் தேய்த்துப் போட்ட தடம். ஒரே பட்டை, இரண்டு வேலை. திறந்த நிலையைக் காப்பது பூட்டு, மூடிய நிலையைக் காப்பது இது. இரண்டாவதற்குக் ‘கவ்வல்’ என்று பெயர் வைக்கலாம், குண்டுக்குக் ‘கவ்வுகுண்டு’. கவ்வியதை விடுவிக்க முடியும், பூட்டியதைச் சும்மா இழுத்தால் வராது. தமிழில் அந்த வித்தியாசம் சொல்லிலேயே இருக்கிறது.

பேசும்போதும் இது வசதியாக இருக்கிறது. ‘கவ்வல் போதவில்லை’ என்றால் விரலில் அழுத்தம் சேருமுன்பே அலகு கிளம்பி நடுவழியில் நின்றுவிடுகிறது என்று அர்த்தம். ‘கவ்வல் அதிகம்’ என்றால் விரல் வலிக்கிறது. என்னிடம் உள்ள நான்கில் ஒன்றுக்குக் கவ்வல் பற்றாது. சுண்டியதும் முக்கால்வாசி வந்து நின்றது, பூட்டு விழவில்லை, நான் கவனிக்காமல் முனையை மேசையில் ஊன்ற, அலகு திரும்பி மடங்கி நடுவிரலில் ஒரு கோடு போட்டது. பிளாஸ்திரியோடு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். யார் செய்த கத்தி என்று கேட்காதீர்கள், அச்சாணித் திருகைத் தளர்த்தி விளையாடியது நான்தான்.

பழைய கத்திகளில் கவ்வுகுண்டே கிடையாது. 1897இல் சட்டப்படி பதிவான சுவிஸ் அதிகாரிக் கத்தியின் வழியில் வரும் விக்டோரினாக்ஸ்களில் அலகை அமுக்கிக்கொண்டிருப்பது பிடியின் முதுகோரமாக ஓடும் தட்டையான வில், அதற்கு ‘முதுகுவில்’ என்ற பெயரை எல்லோரும் ஒப்புக்கொண்டோம். அந்த வில்லை மீறிக் கிளப்ப வேண்டியிருப்பதால்தான் நகக்குழியே தேவைப்படுகிறது. வில் கடுசாக இருந்தால் நகக்கண்வரை வலிக்கும். இன்னும் பழைய வழி ஜப்பானின் ஹிகோனோகாமி: வில்லும் இல்லை, பூட்டும் இல்லை, அச்சாணியின் இறுக்கம் மட்டும்தான். அலகின் அடியிலிருந்து நீளும் வாலைக் கட்டைவிரலால் அமுக்கித் திறந்து, வேலை முடியும்வரை விரலை எடுக்காமலே பிடித்துக்கொள்ளவேண்டும். பழைய சவரக்கத்தியிலும் அதே வால். சுண்டிக்கும் வாலுக்கும் உருவத்தில் பெரிய தூரமில்லை, வித்தியாசம் கவ்வலில் இருக்கிறது. வாலைச் சுண்ட முடியாது, தள்ளத்தான் முடியும்.

> எல்லாம் ஒன்றுதானே, வேகமாகத் திறப்பவை எல்லாவற்றுக்கும் ‘விசைக்கத்தி’ என்று ஒரே பெயர் வைத்தால் என்ன?

இதை மட்டும் தயவுசெய்து செய்யவேண்டாம். விசை என்றால் பலம், விசைப்பலகையில் விசை என்றால் அழுத்தும் கட்டை, வேறு இடத்தில் ஸ்பிரிங்கும் விசைதான். மூன்றில் எது? வேகம் இங்கே கணக்கே இல்லை, பலம் யாருடையது என்பதுதான் கணக்கு. சுண்டியில் முழுப் பலமும் விரலுடையது. அடுத்த வகையில் விரல் தொடங்கிவைக்க, பாதி வழியில் ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். இதற்கு ‘துணைவில் கத்தி’ என்று வந்த பரிந்துரை அருமை. கென் ஆனியனின் வடிவமைப்பாகக் கெர்ஷா கத்திகளில் வரும் ஸ்பீட்சேஃப் இந்த ரகம். அதில் இருப்பது சுருள்வில்கூட இல்லை, முறுக்கிவைத்த ஒரு கம்பி, ஆகவே ‘சுருள்வில் துணை’ என்று எழுதியிருப்பதை மாற்றிவிடுங்கள். மூன்றாவதில் பொத்தானை அழுத்தினால் போதும், மிச்சமெல்லாம் ஸ்பிரிங்கின் வேலை. அதற்கு மக்களே ‘பட்டன் கத்தி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள், நாம் பொத்தான் கத்தி என்று எழுதிவிட்டுப் போகலாம்.

இந்தப் பிரிவினை பொழுதுபோகாமல் செய்வது இல்லை, சட்டமே இதைப் பார்க்கிறது. அமெரிக்காவின் 1958ஆம் ஆண்டு ஸ்விட்ச்பிளேடு (அதாவது பொத்தான் கத்தி) சட்டத்தில் 2009இல் ஒரு விலக்கு சேர்த்தார்கள்: வில்லோ கவ்வலோ வேறு அமைப்போ அலகை மூடிய பக்கமே பிடித்துவைத்து, அதைக் கை பலத்தால் மீறித்தான் திறக்கவேண்டும் என்றால், அந்தக் கத்தி கூட்டாட்சிச் சட்டத்தின் தடைக்குள் வராது. டிடென்ட் என்ற சொல் அந்தச் சட்ட வாசகத்திலேயே இருக்கிறது. அதைப் போய் ‘தடுப்பு’ என்று மொழிபெயர்த்தால் படிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. பிரிட்டனில் போக்கு நேரெதிர். 1959 சட்டம் பிடியிலுள்ள பொத்தானை அழுத்தத் தானே திறக்கும் கத்தியைத் தடுத்தது. 2019இல் வரையறையை விரித்து, பாதி திறந்த நிலையிலிருந்து தானே முழுதும் திறந்துகொள்வதையும் சேர்த்தார்கள், அதாவது நமது துணைவில்.

என் முன்மொழிவுக்கு உள்ள உண்மையான ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது, யாரும் சொல்லாததால் நானே சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ்காரர்கள் பொத்தான் கத்தியைத்தான் ஃபிளிக் நைஃப் என்பார்கள். அகராதியைப் பார்த்து மொழிபெயர்ப்பவர் அதைச் ‘சுண்டு கத்தி’ என்று போட்டுவிட்டால், தடைசெய்யப்பட்டதும் படாததும் ஒரே பெயரில் வந்து நிற்கும். மணிக்கட்டை வீசித் திறப்பதையும் அதே ஃபிளிக் என்றுதான் சொல்கிறார்கள். நியூயார்க்கில் 2019இல் நீக்கப்படும்வரை இருந்த கிராவிட்டி கத்தி (புவியீர்ப்பாலோ வீச்சாலோ அலகு திறந்துகொள்ளும் கத்தி) சட்டத்தின் கீழ், போலீசார் கத்தியை வீசிப் பார்த்துத் திறந்துகொண்டதால் பிடிபட்டவர்கள் உண்டு. நமக்கு இந்தத் தொல்லை வேண்டியதில்லை. மணிக்கட்டு செய்வது உதறல். விரல் செய்வது சுண்டல் (சிரிக்காதீர்கள், அந்த வடிவத்தை நாம் பட்டியலில் போடப்போவதில்லை). குமிழையும் துளையையும் கட்டைவிரல் உந்துகிறது. பொத்தானை அழுத்துகிறோம். நகக்குழியில் நகத்தை வைத்து இழுக்கிறோம். ஐந்துக்கும் ஐந்து வினை கையிலேயே இருக்கும்போது ஃபிளிக் என்ற ஒற்றைச் சொல்லின் குழப்பத்தை ஏன் கடன்வாங்க வேண்டும்? பட்டியலில் ஃபிளிக் நைஃப்புக்கு எதிரே ‘பொத்தான் கத்தி, சுண்டிக் கத்தி அல்ல’ என்று ஒரு குறிப்பு மட்டும் கட்டாயம் வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. எமர்சன் வேவுக்கு ‘அலைத்திறப்பு’ வேண்டாம். அது அலகின் முதுகில் உள்ள ஒரு கொக்கி, பையிலிருந்து உருவும்போது பையின் ஓரத்தில் மாட்டி அலகைத் திறந்துவிடும். எதிராளியின் கத்தியைத் தடுப்பதற்காக வைத்த கொக்கி, தற்செயலாக இந்த வேலைக்கு வந்தது. ‘பைக்கொக்கி’ போதும். முன்வழியாக நீளும் கத்திக்கு ‘முன்பாய்வு’ நன்றாகவே இருக்கிறது. பிடி இரண்டாகப் பிரிந்து அலகை மூடும் பாலிசாங்கைப் பாலிசாங் என்றே விடுங்கள், பிலிப்பைன்ஸ்காரர்களின் சொல் அது, வண்ணத்துப்பூச்சி என்பது ஆங்கிலத்தின் வழியாக வந்த வேலை.

எனக்கு விடை தெரியாத ஒன்று மிச்சமிருக்கிறது: முன்பக்க ஃபிளிப்பர். இதில் நீட்டம் முதுகில் இருக்காது, அச்சாணியின் தலைமாட்டில் இருக்கும். கட்டைவிரலையோ ஆள்காட்டி விரலையோ அதன்மேல் வைத்து வளைவோடு உருட்டிக்கொண்டே போகவேண்டும். கவ்வல் உண்டு, விடுபடுவதும் உண்டு, ஆனால் விரலின் அசைவு சுண்டுவது மாதிரி இல்லை, சக்கரம் வைத்த லைட்டரைப் பற்றவைப்பது மாதிரி இருக்கிறது. ‘முன்சுண்டி’ என்று எழுதிப் பார்த்தேன், பொய் சொல்வதுபோல் இருந்தது. ‘உருட்டி’ என்றால் சுண்டியோடு உள்ள உறவு அறுந்துவிடுகிறது. கையில் அப்படி ஒரு கத்தி வைத்திருப்பவர்கள் பத்துத் தடவை திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள், அதுவரை அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடலாம்.