தொழில் சங்கத்துக்குத் தலைமை ஏற்ற ஸ்பீச் தெரபிஸ்ட்டுகள்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

ஓஹையோ, பள்ளி ஸ்பீச் தெரபிஸ்ட் (இழையைத் தொடங்கியவர்)

நான் சென்னையில் படித்துவிட்டு இங்கே வந்து பள்ளிகளில் வேலை பார்க்கிறேன். இந்தத் தொழிலில் எனக்குப் பெரிய உதவி செய்தவர்களை நினைத்துப் பார்த்தால், அதில் பலர் ஏதோ ஒரு காலத்தில் மாநிலச் சங்கத்திலோ தேசியச் சங்கத்திலோ தலைவராக இருந்தவர்கள். அவர்களைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்த இழை. தெரபிஸ்ட்டாக இருந்தாலும் சரி, குழந்தையைக் கூட்டிக்கொண்டு போன பெற்றோராக இருந்தாலும் சரி, அப்படிப்பட்ட ஒருவரைச் சந்தித்திருந்தால் எழுதுங்கள்.

முதலில் என் கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்று பள்ளிகளுக்கு மாறி மாறி ஓடினேன். என் பட்டியலில் குழந்தைகள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். மாநிலச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் காபிக்கு நிற்கும்போது பக்கத்தில் இருந்த ஓர் அம்மா பேச்சுக் கொடுத்தார். “எத்தனை குழந்தைகள்?” என்று கேட்டார். சொன்னேன். அடுத்து, “ஐஇபி எப்போது எழுதுகிறாய்? பெற்றோரிடம் எப்போது பேசுகிறாய்? பள்ளிக்குப் பள்ளி காரில் போக எவ்வளவு நேரம்?” என்று கேட்டார். அதுவரை என்னிடம் யாரும் கேட்காத கேள்விகள். (ஐஇபி என்பது சிறப்பு உதவி தேவைப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் பள்ளியில் எழுதும் தனிக் கல்வித் திட்டம்.)

அவர் போன வருடத் தலைவர் என்பது பிறகுதான் தெரிந்தது. தலைவராக இருந்த வருடத்திலும் திங்கட்கிழமை காலையில் தன் பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு இருந்தவர். சங்க வேலைக்குச் சம்பளம் கிடையாது. இரவுகளிலும் சனி ஞாயிறுகளிலும் செய்தது.

ஒரு வாரம் முழுக்க நான் செய்கிற ஒவ்வொரு வேலையையும் நேரத்தோடு எழுதச் சொன்னார். எங்கள் தொழிலின் அமெரிக்கத் தேசியச் சங்கமான ஆஷா, ஒரு தெரபிஸ்ட்டுக்கு இத்தனை குழந்தைகள்தான் என்று எண் எதையும் விதிப்பதில்லை. குழந்தைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் மொத்த வேலைப் பளுவைக் கணக்கில் எடுங்கள் என்று 2002 முதல் சொல்லி வருகிறது. அந்த ஆவணத்தை எப்படிப் படிப்பது, நிர்வாகத்திடம் எதை முதலில் காட்டுவது என்று அவர் மேஜையில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். அந்தத் தாள்களோடு என் மேலதிகாரியிடம் போனேன். அடுத்த கல்வியாண்டில் ஒரு பள்ளி குறைந்தது. என்னிடம் மிச்சமிருந்த குழந்தைகளுக்கு ஒழுங்கான நேரம் கிடைத்தது.

சென்னை, திக்கல் உள்ளவன், வங்கி வேலை

அக்கா, நல்ல இழை. நான் தெரபிஸ்ட் இல்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்து திக்கும். இருபதுகளில் நான் போன தெரபிஸ்ட், இந்தியச் சங்கத்தின் மாநிலக் கிளையில் தலைவராக இருந்தவர். முதல் நாள் அவர் சுவாசப் பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை. திக்கல் உள்ள ஒருவர் அமெரிக்காவில் இந்தத் தொழிலின் சங்கத்துக்கே தலைவராக இருந்த கதையைச் சொன்னார். வெண்டல் ஜான்சன். இன்டர்வியூவில் என் பெயரைச் சொல்லவே பயந்துகொண்டிருந்த எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள்.

அப்புறம் நானே தேடிப் படித்தேன். ஜான்சன் கான்சஸ் மாநிலத்துக்காரர். கடுமையாகத் திக்கும். 1926-ல் அயோவா பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தார். அங்கே அப்போது, மூளையின் இரண்டு பக்கங்களுக்கும் இடையிலான போட்டிதான் திக்கலுக்குக் காரணம் என்று நம்பினார்கள். அதனால் வலது கையைக் கட்டிப்போட்டு இடது கையைப் பழக்குவார்கள். ஜான்சனும் அதற்கு உட்பட்டார். பலன் இல்லை. பிறகு அவரே வேறு பாதையில் யோசித்தார். குழந்தை இயல்பாகத் தடுமாறிப் பேசுவதைப் பெரியவர்கள் குறை என்று பெயரிட்டுத் திருத்தத் தொடங்குவதால்தான் திக்கல் வளர்கிறது என்றார். பல வருடம் சங்கத்தின் ஆய்விதழுக்கு ஆசிரியராக இருந்தார். 1950-ல் சங்கத் தலைவர்.

இவ்வளவையும் சொன்ன என் தெரபிஸ்ட், மறுபாதியையும் மறைக்கவில்லை. 1939-ல் ஜான்சனின் மேற்பார்வையில் ஒரு மாணவி, அயோவாவின் டேவன்போர்ட் அனாதை இல்லத்தில் 22 குழந்தைகளை வைத்து ஆய்வு செய்தார். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சில குழந்தைகளிடம், உனக்குத் திக்கல் ஆரம்பிக்கிறது, சரியாகப் பேச முடியாவிட்டால் பேசாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். ஆய்வு வெளியிடப்படவில்லை. 2001-ல் ஒரு பத்திரிகை அதை வெளியே கொண்டுவந்தது. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007-ல் அயோவா மாநிலம் 9,25,000 டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. ஜான்சன் 1965-லேயே இறந்துவிட்டார்.

நான் இதை ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். திக்குகிறவனைக் குறை சொல்லாமல் கேளுங்கள் என்று உலகத்துக்குச் சொன்னவரின் பெயர் அந்தக் குழந்தைகளுக்கு நடந்த கொடுமையோடும் சேர்ந்தே இருக்கிறது. ஒன்றைச் சொல்லி ஒன்றை விட்டால் அது நேர்மை ஆகாது. தன் சங்கத்தின் பழைய தலைவர் ஒருவரைப் பற்றி ஒரு நோயாளியிடம் இப்படி முழுசாகச் சொன்னாரே, அதனால்தான் என் தெரபிஸ்ட் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. இன்றைக்கும் எனக்குத் திக்கும். எங்கள் வங்கிக் கிளையில் வாடிக்கையாளர் கூட்டம் என்றால் நான்தான் பேசுகிறேன்.

நியூ ஜெர்சி, இல்லத்தரசி

என் மாமனாருக்கு 2017 கடைசியில் ஸ்ட்ரோக் வந்தது. வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு போய்விட்டது, தண்ணீர் குடித்தால் புரையேறும். பல வருடம் இங்கே உழைத்து ஓய்வு பெற்றவர், மெடிக்கேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) இருந்தது. நடக்க பிசியோ, பேசவும் விழுங்கவும் ஸ்பீச் தெரபி, இரண்டும் ஒரு தனியார் கிளினிக்கில்.

ஜனவரியில் கிளினிக்கில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். இந்த வருடம் பிசியோவுக்கும் ஸ்பீச் தெரபிக்கும் சேர்த்து 2,010 டாலர்தான், அதற்கு மேல் மெடிக்கேர் தராது என்று. சேர்த்து! ஸ்ட்ரோக் வந்த மனிதருக்கு அது எத்தனை வாரம் வரும்? தாத்தா நடக்கட்டுமா, சாப்பிடட்டுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய நிலை. என் கணவர் அன்றைக்கு அழுதார்.

மாமனாரைப் பார்த்த தெரபிஸ்ட் மாநிலச் சங்கத்தில் தலைவராக இருந்தவர். அவர்தான் இதன் வரலாற்றைச் சொன்னார். 1997-ல் பட்ஜெட்டைச் சரிக்கட்டப் போட்ட ஒரு சட்டத்தில் இந்த உச்சவரம்பு வந்ததாம். இரண்டு சிகிச்சைகளையும் ஒரே வரம்புக்குள் போட்டுவிட்டார்கள். அதை நீக்கச் சொல்லி ஆஷாவும் பிசியோ சங்கமும் மற்றவர்களும் அப்போதிருந்தே போராடியிருக்கிறார்கள். முழுசாக நீக்க முடியாமல், 2006 முதல் தேவைப்பட்டால் விதிவிலக்கு கேட்கலாம் என்ற ஏற்பாடு வந்தது. அதையும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். 2017 டிசம்பரோடு அது காலாவதியாகி, புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். நாங்கள் மாட்டியது அந்த இடைவெளியில்.

அந்த அம்மா எங்களுக்காக இரண்டு வேலை செய்தார். இருக்கிற பணத்தில் விழுங்குவதை முதலில் சரிசெய்வோம், புரையேறி நிமோனியா வந்தால் எல்லாமே போய்விடும் என்று சொல்லித் திட்டத்தை மாற்றினார். எங்கள் தொகுதி உறுப்பினருக்கு என்ன எழுத வேண்டும் என்று சொல்லி, என் கணவரை எழுத வைத்தார். பிப்ரவரி 9, 2018 அன்று அந்த உச்சவரம்பையே நிரந்தரமாக நீக்கிச் சட்டம் வந்தது. அவருக்கு போன் செய்தேன். இருபது வருடமாக வாஷிங்டன் போய் இதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், அவர்களுக்குத்தான் முதலில் சொல்லப் போகிறேன் என்றார்.

சங்கம் என்றால் சந்தா கட்டி மாநாட்டில் சாப்பிட்டு வருவது என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன்.

கோயம்புத்தூர், ஸ்பீச் தெரபிஸ்ட், மைசூரில் படித்தவர்

நம் ஊர்ப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மைசூரில் அகில இந்திய பேச்சு செவித்திறன் நிறுவனம் தொடங்கியது 1965-ல். 1967-ல் இந்தியச் சங்கம் பிறந்துவிட்டது. படித்து வெளியே வந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த காலத்திலேயே சங்கம் வைத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. இங்கே ஒரே பட்டப்படிப்பில் காது, பேச்சு இரண்டும் படிப்பதால் சங்கமும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

என் அனுபவம் ஆண்டு மாநாட்டில் நடந்தது. தமிழ்க் குழந்தைகளின் உச்சரிப்பு பற்றி நான் செய்த ஆய்வை ஒரு போஸ்டராக வைத்திருந்தேன். கூட்டம் எல்லாம் பெரிய அரங்கில். வயதான ஒருவர் வந்து நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தார். “இந்தப் பிள்ளைகள் எந்த ஊர்?” என்று கேட்டார். திருநெல்வேலிப் பக்கம் என்றேன். “வீட்டில் அம்மா வாழைப்பழத்தை எப்படிச் சொல்கிறார் என்று கேட்டீர்களா?” என்றார். வீட்டிலேயே எல்லாரும் ‘வாளப்பளம்’ என்று பேசும்போது, பிள்ளை அப்படிச் சொல்வதைக் குறைபாடு என்று எழுதி வைத்தால் இல்லாத நோய்க்கு சிகிச்சை ஆகிவிடும் என்று பொறுமையாக விளக்கினார். அவருக்குத் தாய்மொழி தமிழ் கிடையாது. முன்னாள் தேசியத் தலைவர். மேடையில் உட்கார வேண்டிய நேரத்தில் என் போஸ்டர் முன்னால் நின்றார். இப்போது என் கிளினிக்கில் எந்தக் குழந்தை வந்தாலும், அம்மாவையும் பாட்டியையும் அதே படங்களுக்குப் பெயர் சொல்ல வைத்த பிறகுதான் மதிப்பெண் போடுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1992-ன் மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி, பதிவு இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது. ஆனால் தகுதியே இல்லாதவர்கள் நடத்தும் ‘சென்டர்’கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. பேசாத பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கிற பெற்றோர்தான் அங்கே போய் ஏமாறுகிறார்கள். எங்கள் கிளைத் தலைவர்கள் மருத்துவமனையில் நோயாளி பார்த்துவிட்டு, மாலையில் மனு எழுதிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாகப் போவதை நேரில் பார்த்திருக்கிறேன். அந்த வேலைக்கு யாரும் மாலை போடுவதில்லை. பெற்றோர்களே, தெரபிஸ்ட்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சிட்னி, ஒரு அப்பா

சுருக்கமாக. என் மகளைப் பார்த்த தெரபிஸ்ட், ஆஸ்திரேலியச் சங்கத்தின் நிர்வாகத்தில் இருந்தவர். எலினோர் ரே பெயரில் சங்கம் தரும் விருது பற்றி ஒரு நாள் பேச்சு வந்தது. லண்டனில் பயிற்சி பெற்று வந்து, 1931-ல் சிட்னி குழந்தைகள் மருத்துவமனையில் பேச்சு சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியவர் எலினோர் ரே. 1949-ல் இங்கே சங்கம் உருவானபோது முதல் தலைவர். இந்த ஊரில் என் மகள் ஓர் அறைக்குள் போய் ‘ர’ சொல்லக் கற்றுக்கொள்ள முடிந்ததற்கு அவரும் ஒரு காரணம் என்று தெரிந்தபோது மனதுக்கு நெகிழ்ச்சியாக இருந்தது.

அடிலெய்டில் பிறந்த லயனல் லோக்கும் இந்த வரிசையில் வர வேண்டியவர். ஆறாம் ஜார்ஜ் மன்னருக்குத் திக்கலில் உதவியவர் என்று எல்லாருக்கும் தெரியும். பிரிட்டனில் பேச்சு சிகிச்சையாளர்களுக்குச் சங்கம் அமைத்தவர்களில் அவரும் ஒருவர் என்பது பலருக்குத் தெரியாது.

சென்னை, இறுதி ஆண்டு மாணவி

எல்லாவற்றையும் படித்தேன். ஒரு சந்தேகம். சங்கத் தலைவர் ஆவது என்பது பேராசிரியர்களுக்கும் பெரிய மருத்துவமனைக்காரர்களுக்கும் மட்டும்தானா? என்னைப் போல மாவட்டத்தில் வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு அதில் இடம் உண்டா? எப்போது தொடங்க வேண்டும்?

ஓஹையோ, பள்ளி ஸ்பீச் தெரபிஸ்ட்

இடம் உண்டு தங்கை. பேராசிரியர்கள் வருவது உண்மைதான். ஆஷாவின் 2013 தலைவர் பட்ரீஷியா பிரெலாக், ஆட்டிசம் துறையில் ஆய்வு செய்தவர், வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் டீன் ஆகி, பிறகு புரோவோஸ்ட் (கல்விப் பிரிவின் தலைமைப் பொறுப்பு), 2024-ல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே இடைக்காலத் தலைவராகவும் ஆனார். 2010-ல் தலைவராக இருந்த டாமி ராபின்சன் வந்த வழி வேறு. வாஷிங்டனில் குழந்தைகள் மருத்துவமனையில் வேலை பார்த்தவர், திக்கல் அவருடைய துறை. நான் காபிக்கு நின்றபோது பார்த்த அம்மா கடைசி வரை பள்ளியைத் தாண்டிப் போகவே இல்லை.

ஆஷாவில் தலைவர் பதவி மூன்று வருடப் பொறுப்பு. ஒரு வருடம் தலைவராகத் தேர்வானவர் என்ற நிலையில் கூடவே இருந்து கற்க வேண்டும், அடுத்த வருடம் தலைவர், அதற்கடுத்து முன்னாள் தலைவராக உடன் இருந்து உதவ வேண்டும். அதற்கு முன்னால் பல வருடம் குழு வேலை இருக்கும். 1925-ல் 25 பேர் சேர்ந்து தொடங்கிய சங்கத்தில் இன்று 2 லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். திடீரென்று யாரும் மேலே போய்விட முடியாது.

நீ இப்போதே மாணவர் உறுப்பினராகச் சேர். யாரும் விரும்பாத குழு எது என்று கேட்டு அதில் பெயர் கொடு. எங்கள் ஊரில் அது சட்டம் தொடர்பான குழு, நான் அங்கேதான் இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் மட்டும் எதிலும் தலையிடாமல் நோயாளிகளைப் பார். சங்கத்தில் கையைத் தூக்கிப் பேசும்போது, போன வாரம் நீ பார்த்த பிள்ளையை வைத்துப் பேச முடிய வேண்டும். நான் பார்த்த நல்ல தலைவர்கள் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள்.

கோயம்புத்தூர், ஸ்பீச் தெரபிஸ்ட்

மாணவிக்கு ஒரு வரி: மாவட்டத்தில் இருந்துகொண்டே கிளைப் பொறுப்பு வகித்தவர்களை எனக்குத் தெரியும். தனிச்செய்தியில் எழுதுங்கள், அவர்களில் ஒருவரிடம் பேச வைக்கிறேன்.