அன்னபூரணியின் அணியத்தில் பலகைகள் விலகுகின்றன: உதவி தேவை

கந்தப்பளை ரவி:
வணக்கம். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை ஓடிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலின் மாதிரியை 1:48 அளவில் செய்துகொண்டிருக்கிறேன். அசல் கப்பலின் நீளம் 89 அடி. என்னுடையது 56 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட. அசலுக்கு வேம்பு. நமக்கு வேம்புக்கு எங்கே போவது? மரக்காலையில் சப்பு மரத்தை 5 மில்லிமீற்றர் அகலம், ஒன்றரை மில்லிமீற்றர் கனத்தில் கீலங்களாக அறுத்து வாங்கினேன். ஏராவும் (அடி நெடுங்கட்டை) வங்குகளும் (விலாச் சட்டங்கள்) ஒட்டுப்பலகை.

கீலங்களைத் தண்ணீரில் ஊறவைத்து, வளைத்து, வெள்ளைப் பசையால் ஒட்டினேன். நடுப்பகுதியில் குறையே இல்லை. அணியத்தில், அதாவது கப்பலின் முன்பகுதியில் மட்டும் பலகைக்கும் பலகைக்கும் இடையில் தபாலட்டை நுழையும் அளவுக்கு விலகல். சில பலகைகள் மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. கழன்ற இடத்தை நகத்தால் சுரண்டினால் பசை வெள்ளைத் தூளாக உதிர்கிறது. பசை போலியா, மரம் பச்சையா? வேலை செய்வது இரவில்தான், ஜனவரி முழுவதும் முன் விறாந்தையில்.

பதுளை இளையவன்:
சுப்பர் குளூ ஒரு சொட்டு விட்டு அழுத்திப் பிடியுங்கள் அண்ணா. மிச்ச இடைவெளிக்கு மரத்தூளைப் பசையில் குழைத்து அப்பிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஹட்டன் தச்சாசிரியர்:
வார்னிஷ் பூசும் நாளில் ஊருக்கே தெரியும், தம்பி. சுப்பர் குளூ ஊறிய இடம் வார்னிஷைக் குடிக்காது. திட்டுத் திட்டாக நிற்கும். மரத்தூள் கலவையும் அப்படித்தான்.

ரவி, பசை நல்ல பசைதான். ஜனவரி இரவில் கந்தப்பளை விறாந்தையில் எத்தனை பாகை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். புல்லில் உறைபனி விழுகிற காலம். வெள்ளைப் பசை என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிசின் துணிக்கைகள். தண்ணீர் வற்றும்போது அவை ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து தெளிவான படலமாக வேண்டும். குளிர் கூடினால் சேராமல் தனித்தனியாகவே காய்ந்துவிடும். நீங்கள் சுரண்டிய வெள்ளைத் தூள் அதுதான். பொதுவாகப் பத்துப் பாகைக்குக் கீழே வெள்ளைப் பசையைத் தொடாதீர்கள். பசைப் போத்தல், மரம், அறை மூன்றும் சூடாக இருக்க வேண்டும். போத்தலை மட்டும் வெந்நீரில் வைத்துப் பயனில்லை.

இரண்டாவது, ஈர மரத்தை ஒட்டியிருக்கிறீர்கள். ஊறிய கீலம் அகலத்தில் உப்பும், காயும்போது சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக மாற்றமே இராது. ஆகவே விலகல் எப்போதும் பக்கவாட்டில்தான் வரும். அணியத்தில் வளைவு அதிகம் என்பதால் அங்கேதான் கூட நேரம் ஊறவைத்திருப்பீர்கள். ஊறவைத்த கீலத்தைப் பசையில்லாமல் வங்குகளில் வளைத்து, உடுப்புக் கவ்விகளால் பிடித்து, அடுத்த நாள் வரை விடுங்கள். வளைவு தானாக நிற்கும். நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள்.

பண்டாரவளை மேரி:
சேர் சொன்னது விலகலுக்குச் சரி. பலகைகள் ஏறி நிற்பதற்குக் காரணம் வேறு. ரவி, கீலங்களை அணியத்துக்கு ஒடுக்கினீர்களா, 5 மில்லிமீற்றராகவே கொண்டுபோய்ச் சேர்த்தீர்களா?

ஒரு கடதாசிப் பட்டியை நடு வங்கில், ஏராவிலிருந்து மேல் விளிம்பு வரை வளைத்து அளந்து பாருங்கள். 110 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம், 22 பலகை. அதே பட்டி அணியத்தில் 62தான் காட்டினால், அங்கே ஒவ்வொரு பலகைக்கும் 2.8தான் இடம். இடமில்லாத பலகை மேலே ஏறாமல் வேறு என்ன செய்யும்? எல்லா வங்கிலும் இப்படி அளந்து, பென்சிலால் குறித்து, ஒவ்வொரு கீலத்தையும் சீவி ஒடுக்க வேண்டும். பாதி அகலத்துக்குக் கீழே போகிறதென்றால் சீவுவதை நிறுத்தி, இரண்டு பலகைகளை ஒன்றாக முடியுங்கள். நுனியை ஊசியாக்கினால் ஆணியும் பிடிக்காது, பார்க்கவும் சகிக்காது.

கந்தப்பளை ரவி:
ஒடுக்கவில்லை. படங்களில் எல்லாம் ஒரே அகலமாகத் தெரிந்தது. ஒட்டியதை வங்கு உடையாமல் எப்படிக் கழற்றுவது?

ஹட்டன் தச்சாசிரியர்:
பார்மசியில் விற்கும் ஸ்பிரிட்டைத் தூரிகையால் மூட்டுகளில் தடவுங்கள். சற்று நேரம் விட்டு மீண்டும் தடவினால் பசை இளகும். மெல்லிய கத்தியை வங்கோடு ஒட்டினாற்போல் செலுத்துங்கள், நெம்பாதீர்கள். பக்கத்தில் அடுப்பு, மெழுகுதிரி எதுவும் வேண்டாம். பிறகு பழைய பசையை வங்கிலிருந்து முற்றாகத் தேய்த்து எடுங்கள். காய்ந்த பசைமேல் புதுப் பசை பிடிக்காது. அணியத்தில் முதல் இரண்டு வங்குகளுக்கு இடையே அல்பீசியா என்ற மென்மரக் கட்டையை அடைத்து, வடிவுக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள். ஒட்டுப்பலகையின் மெல்லிய விளிம்பில் மட்டும் தொங்குவதற்குப் பதில், பலகைக்குப் படுக்க இடம் கிடைக்கும்.

நடுப்பகுதியில் கைவைக்க வேண்டாம். அங்கே மயிரிழை விலகல் இருந்தால் அதே சப்புவில் சிராய் சீவிச் செருகுங்கள்.

கந்தப்பளை ரவி:
நன்றி சேர், நன்றி அக்கா. முடிந்ததும் இது வெள்ளவத்தையில் என் தங்கை வீட்டு மண்டபத்துக்குப் போகிறது. அங்கே குளிரூட்டி ஓடும். மறுபடி வாய் பிளக்குமா?

பண்டாரவளை மேரி:
உங்கள் ஊர்க் காற்றைவிடக் குளிரூட்டி அறைக் காற்று வறண்டது, கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். மேல்தளம் மூடுவதற்கு முன் உள்பக்கம் முழுவதும் அரக்கு வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுத்துவிடுங்கள். பலர் வெளியே மட்டும் பூசிவிட்டு உள்ளே மரத்தைப் பூசாமல் விட்டுவிடுகிறார்கள். வார்னிஷ் ஈரத்தை நிறுத்தாது, ஏறி இறங்குவதை மெதுவாக்கும். கண்ணாடிப் பெட்டியும் செய்யச் சொல்லுங்கள். குளிரூட்டிக்கு நேர் எதிரே வைக்க வேண்டாம் என்று தங்கையிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

பதுளை இளையவன்:
சேர், சுப்பர் குளூவைக் கயிறு முடிச்சுகளுக்காவது அனுமதிப்பீர்களா?

ஹட்டன் தச்சாசிரியர்:
ஊசி முனையில் தொட்டு வைத்தால் சரி. போத்தலோடு கவிழ்த்தால் இல்லை.