இரவுப் பணியில் ஒரு ‘தகராறு’

கயல்: எல்லோருக்கும் வணக்கம். நேற்று இரவு நான் செவிலியராகப் பணியில் இருந்த வார்டில் ஒரு தகராறு நடந்துவிட்டது. மருத்துவர் வரத் தாமதமாகிறது என்று கத்திக்கொண்டிருந்த நோயாளியின் உறவினர் ஒருவர், குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பிடுங்கி, குறுக்கே நின்று தடுத்த வார்டு உதவியாளர் அக்காவின் தோளில் அடித்துவிட்டார். என்னையும் ‘வெளியே வா, பார்த்துக்கொள்கிறேன்’ என்று மிரட்டினார். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டதால் புகார் வேண்டாம் என்கிறது நிர்வாகம். பெரியப்பா, நாங்கள் என்ன செய்யலாம்?

பத்மா அத்தை: முதலில் இதைச் சொல். அந்தப் பெண்ணுக்கு விபத்துப் பதிவேட்டில் பதிவு போட்டார்களா? அடிபட்டது நம் ஆள்தானே என்று களிம்பு தடவி அனுப்பிவிடுவதை என் பணிக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்துவிடும், சாட்சியும் அதோடு போய்விடும்.

கயல்: போடவில்லை அத்தை. இன்றே போடச் சொல்கிறேன்.

பெரியப்பா: போட்டதும் அந்த விபத்துப் பதிவேட்டின் (ஏ.ஆர்.) பிரதியை வாங்கி வைத்துக்கொள். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர்களையும் மருத்துவ நிறுவனங்களையும் பாதுகாக்க 2008-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 10 ஆண்டுகள் வரை சிறை, அதோடு அபராதமும் உண்டு. ஜாமீனில் விட முடியாத குற்றம். உங்களுடையது தனியார் மருத்துவமனை என்பதால், அரசு ஊழியரைப் பணிசெய்யவிடாமல் தாக்கிய பிரிவு பொருந்தாது. ஆனால் இந்தச் சட்டம் அரசு, தனியார் இரண்டுக்கும் பொருந்தும். அடித்தால்தான் வன்முறை என்று நினைத்துவிடாதே. பணியில் இருக்கும் செவிலியரை மிரட்டுவதும், வேலையைச் செய்யவிடாமல் தடுப்பதும் அந்த வரையறைக்குள் வருகின்றன. எனவே உனக்கென்று தனியாகவே ஒரு புகார் இருக்கிறது.

பிரபு: சட்டம் இவ்வளவு கடுமையாக இருந்தும், 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரைக் கத்தியால் குத்தினார்களே, பெரியப்பா?

பெரியப்பா: சட்டப் புத்தகத்தில் இருக்கும் பத்து ஆண்டுகள் யாரையும் தடுக்காது, பிரபு. காவல் நிலையத்தில் வழக்குப் பதியாமல், மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிடுவதும், சாதாரணக் காயம் என்ற பிரிவை மட்டும் போட்டு அன்று மாலையே ஆளை வீட்டுக்கு விடுவதும்தான் வழக்கமாக நடக்கிறது. அதனால், கயல், மனுவிலேயே 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெயர் சொல்லிக் கேள். பதிய மறுத்தால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவின்படி காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அனுப்பலாம். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம்.

கயல்: அந்த அக்கா ஏஜென்சி மூலம் வந்தவர். பெயரைக் கொடுத்தால் நாளையிலிருந்து வரவேண்டாம் என்பார்களோ என்று பயப்படுகிறார். அவரும் இந்தச் சட்டத்துக்குள் வருவாரா?

பெரியப்பா: சட்டத்தின் பலவீனமான இடம் அதுதான். மருத்துவர், செவிலியர், மருத்துவ மாணவர், செவிலிய மாணவர், துணை மருத்துவப் பணியாளர் என்று சொல்லும் வரையறை, காவலாளியையோ தூய்மைப் பணியாளரையோ பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆனால் முதல் அடி பெரும்பாலும் அவர்கள் மேல்தான் விழுகிறது. கேரளத்தில் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில், காவலர்கள் சிகிச்சைக்குக் கொண்டுவந்த ஒருவரே இளம் மருத்துவரைக் குத்திக் கொன்ற பிறகு, 2023 மே மாதம் அவசரச் சட்டம் போட்டுக் காவலாளிகளையும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களையும் உதவியாளர்களையும்கூடச் சேர்த்தார்கள். பெருந்தொற்றின்போது 2020-இல் மத்திய அரசு தொற்றுநோய்ச் சட்டத்தில் செய்த திருத்தம் தொற்றுக் காலத்துக்கு மட்டுமே உரியது. அது இப்போது நமக்கு உதவாது. அந்த அம்மாவை உன் புகாரில் காயமடைந்த சாட்சியாகக் காட்டு. உன்னைத் தாக்க வந்தவரைத் தடுத்தபோது அடிபட்டார் என்பது உன் புகாரின் பகுதிதானே. முன்னால் நிற்பது நீயாக இருந்தால் அவருடைய பயம் கொஞ்சம் குறையும்.

பிரபு: தவறாக நினைக்க வேண்டாம். அப்பாவைச் சேர்த்திருந்தபோது நானும் நான்கு மணி நேரம் யாரிடமும் பதில் கிடைக்காமல் கத்தியிருக்கிறேன்.

பத்மா அத்தை: கத்தினாய், கையை ஓங்கவில்லை. ஆனால் நீ சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ‘மருத்துவர் அறுவை அரங்கில் இருக்கிறார், இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்’ என்று சொல்ல ஓர் ஆளை வைப்பதும் நிர்வாகத்தின் கடமைதான். இரவில் இரண்டு செவிலியரை வைத்து முப்பது படுக்கைகளை ஓட்டிவிட்டு, காலையில் வந்து சமாதானம் பேசுகிறார்கள்.

கயல்: மனுவை எழுதிவிட்டேன். ‘நேற்று இரவு வார்டில் நோயாளியின் உறவினருக்கும் ஊழியர்களுக்கும் இடையே ஏற்பட்ட தகராறில்’ என்று தொடங்கியிருக்கிறேன். சரியா, பெரியப்பா?

பெரியப்பா: தகராறு என்று எழுதாதே. தகராறு என்றால் இரு தரப்பும் சேர்ந்து செய்தது என்றாகி, எதிர்ப்புகாருக்கு நீயே வழிவிட்டதாகிவிடும். யார், எத்தனை மணிக்கு, எதனால், யாரை அடித்தார் என்று எழுது. சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படி நிர்வாகத்துக்குத் தனியாக ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிவிடு.

கயல்: மாற்றிவிட்டேன். ‘இரவு 1:40 மணிக்கு, பணியில் இருந்த என்னை நோக்கி இரும்பு ஸ்டாண்டுடன் வந்தவர், இடையில் நின்ற உதவியாளரின் இடது தோளில் அடித்தார்.’ அந்த அக்காவிடம் படித்துக் காட்டினேன். இடது அல்ல, வலது தோள் என்று திருத்தினார். கையெழுத்துப் போடவும் வருகிறேன் என்கிறார்.