தடுப்பூசிக் கணக்கில் பெயர் வேண்டுவது இரண்டுக்கு

நண்பர்களுக்கு வணக்கம்.

ஊரில் எத்தனை சதவீதம் பேருக்குக் காப்பு இருந்தால் நோய் பரவாமல் நிற்கும் என்ற அளவை ஆங்கிலத்தில் herd immunity threshold என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு ஐயா முன்வைத்த 'மந்தைக் காப்பு வாசல்' எனக்கு ஒப்பவில்லை. தேவனாம்பட்டினத்தில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊசிக்கு நிற்கும் அம்மாவிடம் 'மந்தை' என்று எப்படிச் சொல்வது? சரி, அதை விடுவோம். நாம் ஒரே சொல்லைத் தேடுகிறோம், ஆனால் பெயர் வேண்டியிருப்பது இரண்டு அளவுகளுக்கு.

தட்டம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத ஊரில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குத் தொற்றவைப்பார் என்பது வழக்கமாகச் சொல்லும் மதிப்பு. 15 என்று வைப்போம். அந்த 15 பேரில் 14 பேருக்கு ஏற்கெனவே காப்பு இருந்தால்தான் நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மேல் போகாது. பதினைந்தில் பதினான்கு என்றால் 93.3 சதவீதம். போலியோவுக்கு அந்த மதிப்பு 5 முதல் 7; எனவே 80 முதல் 86 சதவீதம் போதும்.

இது காப்பு உள்ளவர்களின் பங்கு. ஊசி போட்டவர்களின் பங்கு வேறு, ஏனென்றால் போட்ட எல்லாருக்கும் காப்பு வந்துவிடுவதில்லை. தட்டம்மைக்கு 9 மாதத்தில் போடும் முதல் தவணை சுமார் 85 சதவீதக் குழந்தைகளைக் காக்கும். இரண்டு தவணையும் போட்டால் சுமார் 97. 93.3ஐ 0.97ஆல் வகுத்தால் 96.2 வருகிறது; அத்தனை சதவீதம் பேர் ஊசி போட்டிருக்க வேண்டும். 0.85ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 110! ஊரில் ஒரு பிள்ளை விடாமல் போட்டாலும் ஒரு தவணை பற்றாது. கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் 16 மாதத்துக்கு மேல் வரும் இரண்டாம் தவணைக் கட்டம் காலியாக இருந்தால் அவர் அந்த வீட்டைத் தேடிப் போவது இதனால்தான்.

முதல் அளவுக்குக் 'காப்பு வரம்பு', இரண்டாவதற்கு 'அணைவீதம்' என்பது என் பரிந்துரை. அந்த வீதத்தில் ஊசி போய்ச் சேர்ந்தால் நோய் தீ அணைவதுபோல் அணையும். அணைப்பது தழுவுவதும்தானே என்று புதுச்சேரித் தோழி தனிமடலில் கேட்டார். தீயணைப்பு நிலையம் என்று படிக்கும்போது யாருக்கும் அந்தக் குழப்பம் வருவதில்லை, இங்கும் வராது.

அப்புறம், விளக்கத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும். இந்தக் கணக்கு, ஊரில் எல்லாரும் எல்லாரோடும் ஒரே அளவு கலந்து பழகுவதாக வைத்துப் போட்டது. ஊசி போடாத பிள்ளைகள் ஒரே குப்பத்தில் சேர்ந்திருந்தால், மாவட்டச் சராசரி அணைவீதத்தைத் தாண்டியிருந்தாலும் அங்கே தட்டம்மை பரவும். சராசரியைப் பார்த்து நிம்மதியடைவதுதான் எனக்குப் பெரிய பயம்.

இந்தக் கணிதத்துக்கு அடித்தளமிட்ட கட்டுரையைக் கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் 1927இல் எழுதினார்கள். மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். தங்கள் சமன்பாட்டை அவர்கள் பொருத்திப் பார்த்தது பம்பாய் பிளேக்கில் இறந்தவர்களின் எண்ணிக்கையோடு. அப்படிப்பட்ட கணக்கை நம் செவிலியர்களுக்குத் தமிழில் சொல்ல ஒரு சொல் இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் இரண்டையும் தனித்தனிப் பதிவாகப் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து